கழற்ற மறந்த சின்ன இரும்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

நேற்று சுந்தரி டீச்சர் பழுதுபார்க்கக் கொண்டுவந்த அவருடைய அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை, ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். குழல்களைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். அது ஓட்டைத் தகரம் போல அதிர்ந்தது. இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு விட்டுப்போயிற்று என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

"அப்பம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருதேன் அண்ணாச்சி" என்று எழுந்து போனார்.

இன்று வேறொரு துப்பாக்கியைத் தொங்கவிடும் முன், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் சின்ன இரும்பை வழக்கம்போலக் கழற்றினேன். கை அப்படியே நின்றுவிட்டது. நேற்று அதைக் கழற்றவே இல்லை. அதுதான் கிடந்து அதிர்ந்திருக்கிறது. முப்பது வருஷத் தொழில். மடையன்.

டீச்சருக்குப் போன் போட்டேன்.

"ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கேன். எழுத்தர் சாப்பிடப் போயிருக்காராம்."

"உள்ள போயிராதீய டீச்சர். அப்படியே வண்ணார்பேட்டைக் கடைக்கு வந்துருங்க."

வந்ததும் அந்த இரும்பைக் கழற்றிவிட்டுத் தட்டினேன். கணீரென்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"நேத்து மட்டும் ஏன் அப்படிக் கேட்டுச்சு அண்ணாச்சி?"

"மழை ஈரம், டீச்சர்."

"நேத்து எங்க மழை பெஞ்சிச்சு?"

குழலை இன்னொரு தடவை தட்டினேன்.