இரண்டு பக்கமும் கைதட்டியவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஆகஸ்டு 1939

கர்த்தருக்குள் அருமை மகன் ராஜரத்தினத்துக்கு அம்மா எழுதுகிறேன். அவர் கிருபையால் நானும் உன் தங்கச்சி ஜெயபாயும் சுகம், ரங்கூனில் உன் சுகத்துக்காக அன்றாடம் ஜெபிக்கிறோம். அப்பாவும் சுகம் என்று எழுத ஆசைதான், எழுத முடியவில்லை. காய்ச்சல் கீய்ச்சல் இல்லை, பயப்படாதே, முழுக்கப் படி.

உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்த செல்லத்தாய் மகன் தவசிமுத்து போய்விட்டான். ராஜபாளையம் மில்காரர்களுக்கும் நம் சபை வாலிபர்களுக்கும் இங்கே புட்பால் மேட்ச் நடந்தது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பிறந்தது அங்கே, பிழைப்பது இங்கே, எந்தப் பக்கம் நன்றாக ஆடினாலும் கை தட்டுகிற மனுஷன். நம் ஆட்கள் ஒரு பக்கமும் அவர்கள் எதிர்ப்பக்கமும் நின்றால் இவர் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஒரு நாளாவது நம் ஆட்களோடு நில்லுங்களேன் என்று நானும் சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, பந்து எந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கியது என்று என்னையே கேலி பண்ணுவார்.

ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் தவசிமுத்து ஓங்கி அடித்த பந்தை மில் கோல்கீப்பர் பால்பாண்டி பாய்ந்து பிடித்துவிட்டான். பாய்ந்த வேகத்தில் அவன் முழங்கால் நம் பிள்ளையின் அடிவயிற்றில் இடித்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. மைதானமே மூச்சில்லாமல் நிற்க, பந்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் அந்தப் பிடிக்குப் பலமாகக் கை தட்டியிருக்கிறார். அப்புறம்தான் கீழே கிடந்தவனைப் பார்த்தாராம். அதற்குள், பிடிக்கும்போதே பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, கோல்தான் என்று நம் ஆட்களும், இல்லை என்று அவர்களும் அடிதடியில் இறங்க, ரெப்ரி தீர்ப்புச் சொல்லாமலே போய்விட்டார். பாவிப் பயல்கள், கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் பால்பாண்டியும்தான் தூக்கி வண்டியில் போட்டார்கள். வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

பிள்ளை விழவும் நேசையன் கை தட்டினார் என்று ஊரெல்லாம் அப்பாவைப் பற்றி இதே பேச்சு. அடக்கத்தன்று அப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வெளியிலேயே நின்றார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். போன வாரம் செல்லத்தாய் ஆள் விட்டுக் கூப்பிட்டாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று பயந்து நானும் கூடவே போனேன். அவள் திட்டவில்லை ராசா. "அண்ணாச்சி, நம்ம ஆளுக கோலுங்கிறாக, அவிய இல்லங்கிறாக. நீங்க எந்தப் பக்கத்துக்கும் பேச மாட்டிய. எம்புள்ள கோல் போட்டதுக்குத்தான நீங்க கை தட்டுனிய?" என்று கேட்டாள். அப்பா தரையைப் பார்த்தபடி, "ஆமா தாயீ, கோல்தான்" என்றார். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி குடித்தாளாம்.

நேசையனே சொல்லிவிட்டார் என்று நம் ஆட்கள் அதை ராஜபாளையம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பந்தையும் விட்டு ஆளையும் கொன்றவன் என்று பால்பாண்டியை அவன் கூட்டாளிகளே ஏசுகிறார்களாம், டீமை விட்டும் தள்ளிவிட்டார்கள். நேற்று அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "நான் புடிச்சத நீங்க பாத்தியளே அய்யா" என்றான், அம்புட்டுத்தான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவனும் திரும்பி நடந்துவிட்டான். அந்தப் பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது, உன் அப்பாவை எப்படிக் குறை சொல்வதென்றும் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. செல்லத்தாய்க்கு ஆறுதலாக ஒரு கடிதம் மறக்காமல் எழுது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாள், அதனால் தவசிமுத்து கோல் போட்டதைக் கேள்விப்பட்டேன் என்று ஒரு வரி சேர்த்து எழுது. அப்பாவுக்குத் தனியாக எழுது, அதில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

உன் அம்மா,
நே. ஏசம்மாள்