வயரில்லாமல் எரிய வேண்டிய விளக்கு

லிந்துலை, 4 ஜூலை 1981
"வயரே இல்லாம லைட்டு எரியும்ங்கிறீங்களே சார், கண்ணால காட்ட முடியுமா?" மாலை வகுப்புக்கு வந்த அழகுமுத்து ஒரு நாள் கேட்டது. கரும்பலகையில் படம் போட்டுச் சமாளித்தேன். இப்போது அவருக்கு இந்தியப் பயணம் வந்துவிட்டது; ஒப்பந்தப்படி ஒரேயடியாகப் போகிறார். பதினெட்டாம் தேதி கோச்சி, ஹட்டனில் ரயிலேறுகிறார். அதற்குள் காட்டியாக வேண்டும்.

கராஜ் கஸ்பர் பழைய லொறியின் இக்னிஷன் கொயிலைத் தந்தார். அழகுமுத்துவே தொழிற்சாலையிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தார். கொயில், பெட்டரி, மின்சாரம் தேக்கும் உப்புத் தண்ணீர்ப் போத்தல்கள், செப்புக் கம்பிச் சுருள் எல்லாவற்றையும் அதற்குள் பொருத்தினேன். நல்ல உறுதியான பெட்டி.

7 ஜூலை
பொறி இல்லை.

9 ஜூலை
தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அழகுமுத்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், மின்னல் இன்னும் பெரட்டுக்கு வரலியா?"
என் மனைவி சிசிலி அடுப்படியிலிருந்து, "லேட்டா வந்தா கணக்கப்பிள்ளை அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான் போடுவாருன்னு பயந்துகிட்டு நிக்குது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12 ஜூலை
பெட்டரியை மாற்றினேன். உப்புத் தண்ணீர்ப் போத்தல்களை மாற்றினேன். செப்புக் கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினேன். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போல, ஊற்றுவதெல்லாம் எங்கோ போகிறது. எங்கே போகுது? இத்தனை வருசம் பாடம் சொல்லிக் குடுத்தவனுக்கு ஒரு பொறி வரமாட்டேங்குது — என்னதான் செய்யிறது?

15 ஜூலை
"துணிமணி வைக்கப் பெட்டி பத்தல சார். இது சும்மாதானே கெடக்கு?" என்றார் அழகுமுத்து.
அந்தச் 'சும்மா' சுட்டது. எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியைக் கொடுத்தேன். கழற்றியவற்றை மேசையில், கவிழ்த்த ஜாம் போத்தல்கள் மேல் வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

16 ஜூலை
மத்தியானமே மூடுபனி. நம்பிக்கையில்லாமல் இணைப்புக் கொடுத்தேன். பட்டென்று பொறி. கையிலிருந்த டியூப் லைட் எரிந்தது. வயர் இல்லை.

பெட்டிதான். கடதாசிக்கு அடியில் ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டி, பனியைக் குடித்த பலகை. மின்சாரம் அதன் வழியே ஒழுகியிருக்கிறது; ஜாம் போத்தலின் கண்ணாடி ஒழுக விடவில்லை. இங்கே புத்தக அலுமாரி, கோழிக்கூடு, குழந்தைக்குத் தொட்டில் எல்லாம் தேயிலைப் பெட்டிதான். அதை யார் சந்தேகிப்பார்கள்?

17 ஜூலை
பயணம் சொல்லிக்கொள்ள வந்தவரின் கையில் டியூபைக் கொடுத்தேன். எரிந்தது. ஒரு எட்டு பின்னால் போனார், அணைந்தது. முன்னால் வந்தார், எரிந்தது. பல தடவை அப்படியே போய் வந்தார்.
"அப்ப நான் குடுத்த பெட்டிதான் கெடுத்திச்சா சார்?"
"ஆமாங்க."
"நல்லவேளை, திருப்பிக் கேட்டேன்."

18 ஜூலை
ஹட்டன் ஸ்டேஷன். கோச்சி நகர்ந்ததும் மேடை முழுக்க அழுகை. ஜன்னலோரம் அந்தப் பெட்டி தெரிந்தது. எனக்கு ஆகாத ஈயத்தாள் அவர் துணிகளை ஈரம் படாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒன்று வேலை செய்யாவிட்டால், உள்ளே இருப்பதை மாற்றுவதற்கு முன் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துப் பார்.