கை என்றால் கடல்

என் ஹவாய்க்கார அக்கா மாலியாவுக்கு,

தமிழில் எழுதுகிறேன். உனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் இங்கிலீஷில் உன்னிடம் ஒளித்ததைத் தமிழில்தான் ஒப்புக்கொள்ள வருகிறது.

அமீரகத்து அல் ஐன் பள்ளியில் நாம் பாடம் நடத்திய ஒன்றாம் வகுப்புகள் அடுத்தடுத்த அறை. என்னைக் ‘கைகைனா’ என்பாய். உன் மொழியில் தங்கச்சியாம். இன்றைக்கும் அந்தக் குரல் கேட்டால் தேவலை என்றிருக்கிறது.

என் வகுப்பில் இங்கிலீஷ் மட்டும்தான். கீழக்கரைக் கடைக்காரர் மகள் ஃபாத்திமா, “மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?” என்று கேட்டதற்கு வெளியே நிறுத்தினேன். நானும் தமிழச்சி என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று அவ்வளவு வீம்பு! நீதான் அவளை உன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாய்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். பள்ளியில் ஹவாய் மொழி பேசி அடிவாங்கிய மனுஷர், உனக்கு அதைச் சொல்லியே தரவில்லை. டீச்சரான பிறகுதான் நீ கற்றாய். “ஐயோ பாவம்” என்றேன். எனக்கு உறைக்கவே இல்லை, போ.

அடுத்த வாரம் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்து உன் ஊர்ப் பாட்டு சொல்லிக்கொடுத்தாய். “கை!” என்று நீ சொன்னதும் ஃபாத்திமா படக்கென்று கையைத் தூக்கினாள். “இதுதான் மிஸ், கை!”

உன் மொழியில் ‘கை’ என்றால் கடலாம். விழுந்து விழுந்து சிரித்தாய். அவள் கையைப் பிடித்து அலை மாதிரி ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாய்: “இவள் சொல்வது சரியா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். கை என்றால் என்னவென்று தெரியாதாம் எனக்கு! அந்தப் பிள்ளை மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டது. நீ என்னை நம்பினாயா அக்கா, இல்லை தெரிந்தும் விட்டுவிட்டாயா?

ஊருக்குத் திரும்பிய நீ கண்ணை மூடிவிட்டதாகப் போன மாதம் உன் தம்பியின் கடிதம் வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேற்று ஒரு புதுக் குட்டி, “உம்மாகிட்ட போவணும்” என்று வகுப்பில் ஒரே அழுகை. பக்கத்தில் உட்கார்ந்து, “அழாதம்மா, மிஸ்ஸும் தமிழ்தான்” என்றேன். வாசலில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் முறைத்தார். முறைக்கட்டும்.

ஃபாத்திமா இப்போது மாடியில், ஐந்தாம் வகுப்பில். நாளைக் காலை போவேன். எல்லார் முன்னாலும் என் கையைத் தூக்கி, “நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்மா, இது கை” என்பேன். சத்தியம்.

உன் தங்கச்சி,
கைகைனா