செடிக்கு வேர்க்கல

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாவி உங்க இடது ஷூவுக்குள்ள.

கண்ணாடி ஜாடியில இருக்கிற என் பெரணிச் செடிக்குப் புழுக்கத்துல ஒண்ணும் வேர்க்கல. அதுக்கு ஈரம்தான் உயிர். அது விடுற ஈரம்தான் கண்ணாடியில முத்து முத்தா நிக்குது, அப்புறம் அதுவே மண்ணுல இறங்கிடும். அதுக்குத்தான் மூடியே வச்சிருக்கேன். நீங்க ஊருக்கெல்லாம் ஏசி ரிப்பேர் பண்றவர்தான், ஒத்துக்கிறேன். அதுக்காகத் தினமும் மூடியைத் திறந்து, கர்ச்சீப்பால உள்ள துடைச்சு, டேபிள் ஃபேனை வேற அது பக்கம் திருப்பி வைப்பீங்களா? இலையெல்லாம் சருகா நொறுங்குது.

சாயங்காலம் உங்க அக்கா வர்றாங்க. "பாவம், மூச்சு முட்டுது பாருக்கா"ன்னு ஆரம்பிக்காதீங்க. போன தடவை ரெண்டு பேரும் சேர்ந்து மூடியில ஓட்டை போட்டு ஸ்ட்ரா சொருகினது போதும்.

மூடியைச் சுத்தி டேப் ஒட்டியிருக்கேன். பிரிச்சா எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. நேத்து இந்தச் சண்டையில நான் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேனே, நீங்க திறந்திருக்க வேண்டியது அதைத்தான். நான் தாழ்ப்பாளே போடல.