ஒல்லியின் விரல்

வக்கீலுக்குப் படிக்காமலே, கல்யாணமான நாள் முதல் என்னைக் குறுக்கு விசாரணை செய்துவரும் என் வக்கீலம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. வீடு நலம், கடை நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது. நீயும் மகளும் மாப்பிள்ளையும், அவள் வயிற்றுக்குள் இருந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைக்கும் அந்தப் பெரிய மனிதரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவனுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று இந்நேரம் உனக்கு மூக்கில் வியர்த்திருக்கும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ எடுத்தவுடனே "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்கிறாய். பின்னாலிருந்து அவளும் "அப்பாவுக்கு எவ்வளவும்மா?" என்கிறாள். அதோடு என் வாய் அடைத்துவிடுகிறது. மாப்பிள்ளையின் நண்பர் இன்று அங்கே கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அதற்கு முன் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. பால்கனியில் நீ வைத்த செடிகளில் ஒன்று போய்விட்டது, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கின்றன. மேல்வீட்டு அம்மா உன்னை விசாரித்தார். உன்னை விசாரித்துவிட்டு என்னைப் பார்த்து, "சுகரை நல்லா கட்டுப்பாட்டுல வெச்சிருக்கீங்களாமே, உங்க வீட்ல சொன்னாங்க" என்றார். நான் மாடிப்படியிலேயே தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இனி இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் காலையில் உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பும் அந்த நம்பர் என்னுடையது இல்லை. ஒல்லியுடையது.

கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதே, முழுதாகப் படி.

எனக்குச் சுகர் என்று டாக்டரம்மா சொன்னபோது அங்கேயே உட்கார்ந்து அசட்டுச் சிரிப்பு சிரித்தேனே, அது தைரியம் என்று நீ நினைத்தாய். வெட்கம். நான் யார்? செருப்புக் கடையில் சுகர்காரர்களுக்கென்று மெத்தென்ற ஷூ விற்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. "காலைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும் சார்" என்று ஊருக்கெல்லாம் மண்டியிட்டுப் பாடம் நடத்துகிறவன். எனக்கே அந்தச் சீட்டு வந்தபோது, பஸ்ஸில் அதை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பிறகு மகளுக்கும் கர்ப்பத்தில் சுகர் என்று தெரிந்து நீ கிளம்பிப் போனாய். அப்பாவும் மகளும் காலையில் சோதித்துக் குடும்பக் குரூப்பில் படம் போட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனாய். முதல் மாதம் நான் போட்டதெல்லாம் நிஜம். இதை நம்பு. சர்க்கரை இல்லாத டீயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். கடை திறக்கும் முன் மார்க்கெட்டைச் சுற்றி நடந்தேன். நம்பர் இறங்க இறங்க நீ 'சபாஷ்' போட்டாய். அவள் "அப்பா, செம" என்று போட்டாள். இந்த வயதில் எனக்கு யார் சபாஷ் போடுகிறார்கள்? தலைகால் புரியவில்லை.

அப்புறம் அது இறங்குவது நின்றுவிட்டது. அதே நடை, அதே பாதிச் சோறு, நம்பர் மட்டும் அசையவில்லை. ஒரு நாள் ஏறியும் விட்டது. எந்தத் தப்பும் செய்யாத நாளில் ஏறியது! அதுதான் என்னை உடைத்தது. தப்பு செய்யாமலே தண்டனை என்றால் செய்துவிட்டே வாங்கிக்கொள்ளலாமே என்று புத்தி போனது. அந்த வாரம் கேஷியர் வேலையை விட்டுப் போனார். கேக் வெட்டினார்கள். எல்லாரும் ஒரு துண்டு எடுத்தார்கள். மிச்சம் இருந்ததை நான் ஸ்டோர் ரூமில் ஷூ பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கையாலேயே தின்று தீர்த்தேன்.

மறுநாள் காலை வந்த நம்பரைப் படம் எடுக்கக் கை வரவில்லை. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன், ஒல்லி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஸ்டோரில் சரக்கு இறக்குகிறவன், நம் வீட்டுக்கு ஒரு தடவை அலமாரி தூக்க வந்தானே, ஊதினால் பறந்துவிடுவான் என்று நீ கேலி செய்தாயே, அவன்தான். "மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும், விரலை நீட்டுடா" என்றேன். நீட்டினான். அழகான நம்பர். இன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். நீ இரண்டு சபாஷ் போட்டாய்.

அன்றிலிருந்து அவன் விரல்தான். "தினம் அதே விரல்ல குத்தாதீங்கண்ணே, பெட்டி தூக்கையில வலிக்குது" என்பான். நான் வேறு விரலைப் பிடிப்பேன். போன தடவை டாக்டரம்மா என் போனில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையை நிறுத்தினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன வாரம் ஒரு அம்மாளுக்கு ஷூ மாட்டிவிட்டு நிமிர்கிறேன், அவர் என் காலையே பார்க்கிறார். "அய்யய்யோ, உங்க ஷூவுலேர்ந்து ரத்தம் கசியுதுங்க" என்றார். கழற்றிப் பார்த்தால், அட்டைப்பெட்டியில் அடிக்கும் பின் ஒன்று என் ஷூவுக்குள் கிடந்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஷூவைப் போடும் முன் உதறிவிட்டுப் போடுங்கள் என்று அந்த அம்மாளிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். கடை மொத்தமும் என் காலைப் பார்த்தது.

ஒல்லிதான் என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். நர்ஸ் என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் குத்திப் பார்த்தார். டாக்டரம்மா என் படங்களையும் இந்த நம்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வீட்டு மெஷின் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். நான் மென்று விழுங்குவதற்குள், பாவி, என் மேல் உள்ள பாசத்தில் ஒல்லி முந்திக்கொண்டான். "மெஷின்ல ஒரு குறையும் இல்லை டாக்டர். தினமும் என் விரல்லதான் பாக்குறோம், கரெக்டா காட்டுது" என்றான்.

ஒல்லிக்கே சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. டாக்டரம்மா கத்தவில்லை. "இங்க யாரும் கையில பிரம்பு வெச்சிருக்கலையே, எதுக்குங்க பொய்?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையை மறுபடியும் எழுதிக் கொடுத்தார். நல்லவேளை ஆழமில்லை, இனியாவது சுகர் இறங்கினால் புண் ஆறிவிடும் என்றார். திரும்பி வரும் வழியில் ஒல்லி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில், "எதுக்குன்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேண்ணே" என்றான். அவ்வளவுதான். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

இத்தனைக்குப் பிறகும், போனில் இருந்த பழைய படங்களையே தினமும் அனுப்பிக்கொண்டு, உன்னிடம் மறைத்துவிடத்தான் நினைத்தேன். புண் ஆறட்டும், நம்பர் இறங்கட்டும், யாருக்கும் தெரியாமல் நல்லவனாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அது முடியாது. "அப்பாவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வருது, நான்தான் ஏதோ தப்பு பண்றேன்" என்று அவள் அழுதாள் என்றாய். பகல் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள் என்றாய். நீ அதைப் பெருமையாகச் சொன்னாய், அப்பனைப் போலவே மகளுக்கும் வைராக்கியம் என்று. கேக்கைத் தின்றுவிட்டு ஒல்லியின் விரலைக் குத்தியவனோடு போட்டி போட்டுக்கொண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி சோற்றைத் தள்ளுகிறாள்.

அதனால் இதைப் படித்ததும் முதல் வேலையாக அவளை உட்காரவைத்துச் சாப்பாடு போடு. அங்கே டாக்டர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவும் போடு, ஒரு கரண்டி குறையாமல். அவள் தப்பு செய்யவில்லை என்று சொல். ஏறுவதும் இறங்குவதும்தான் நிஜமான நம்பர் என்று சொல். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு. வாயால் சொன்னால் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நீ பாதியை விழுங்கிவிடுவாய்.

இன்று காலை என் விரலில் நானே குத்திப் பார்த்தேன். இருநூற்று எழுபத்தாறு. இதையும் அவளிடம் காட்டு. நாளைக்கும் என்னுடையதைத்தான் போடுவேன், எவ்வளவு கேவலமாக இருந்தாலும். சபாஷ் எதுவும் போடாதே. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். கால் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட, அவள் இனி என்னை நம்பமாட்டாளோ என்பதுதான் பெரிய பயம்.

இதைப் படித்துவிட்டு நீ பெட்டியைக் கட்டிவிடாதே. அவளுக்கு நீ வேண்டும். இங்கே எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். கட்டு மாற்றும்போது எவ்வளவு குனிந்தாலும் உள்ளங்கால் சரியாகத் தெரியமாட்டேன் என்கிறது. தரையில் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அது ஒன்றுதான், வேறு கஷ்டமில்லை.

நம் குழந்தையும் அவள் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நலமாக இருக்கட்டும். நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நாளைக் காலையில் போன் மட்டும் பண்ணு. எவ்வளவு என்று கேள்.

தலை நிமிர்ந்து எழுத முடியாத
உன் வீட்டுக்காரன்