மச்சினன் கொண்டுவந்த ட்ரைவ்

8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கண்டி டவுன் முழுக்கக் குடை. கடைப் படியில் சேறு, துடைத்தது நான்தான். இன்று முடிக்க வேண்டியவை: பேக்கரி மாவு மெஷின், லிஃப்ட் போர்டு, வீட்டுக்கு கேஸ். முடித்தது: கேஸ்.

பதினொரு மணிபோல் தினேஷ் வந்தான். வசந்தியின் தம்பி. என் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து தொழில் படித்துவிட்டு, போன வருஷம் குண்டசாலையில் தனிக்கடை. என் வாடிக்கையில் பாதியும் கூடவே போய்விட்டது. "நான் கூப்பிடல அத்தான், அவங்களா வர்றாங்க" என்றான் அப்போது. அதுதான் இன்னும் எரிகிறது. கூப்பிட்டுப் போயிருந்தால் திருடன் என்றாவது சொல்லலாம்.

நனைந்த உரப்பைக்குள் ஒரு மோட்டார் ட்ரைவ். கலஹா பக்கத்து டீ ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியின் பெரிய ஃபேனை ஓட்டுவது. உள்ளே ட்ரான்சிஸ்டர் வெடித்திருக்கிறது. இவன் புதிது மாட்டி ஓடவிட்டிருக்கிறான். அதுவும் வெடித்திருக்கிறது.

"எங்க பெசகுதுன்னு வெளங்கல அத்தான். நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா..."

"ஒன் கடையில மீட்டர் இல்லியா?"

தலையைக் குனிந்துகொண்டான். பார்க்க நன்றாக இருந்தது.

அந்த வேலையை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவர் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் முருகையா. அவர் மகளைத்தான் இவனுக்குப் பேசியிருக்கிறது. இன்னும் வெற்றிலை மாற்றவில்லை. மறுபடி வெடித்தால் மாமனார் மூஞ்சியில் எப்படி முழிப்பான்? வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.

9, செவ்வாய்

மழை விட்டது. காலையில் பாண், பருப்பு. உப்பு கூடிவிட்டது. வசந்தி வாயைத் திறந்தாலே தம்பி.

"பாவங்க அவன். இது சரியாகலன்னா பொண்ணு வீட்டுல எப்பிடி தல நிமிந்து நிப்பான்? ஒங்கள நம்பித்தான் இருக்கான்."

அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்காக அது வந்து எவ்வளவோ காலம்.

கடை. கவரைக் கழற்றினேன். ஆறு ட்ரான்சிஸ்டர், மூன்று ஜோடி. முதல் ஜோடி நல்லது. இரண்டாவது நல்லது. மூன்றாவதில் மீட்டர் இரண்டு பக்கமும் கீ என்று கத்தியது. ஷார்ட். இதுவரை அவனும் கண்டுபிடித்ததுதான்.

அவன் பார்க்காதது: ட்ரான்சிஸ்டர் தனியாகச் சாகாது. அதைத் திறந்து மூடும் கேட் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம். மூன்றாவது ஜோடியின் கேட் ரெசிஸ்டர், அரிசி அளவு, பார்வைக்குப் புத்தம் புதிது. அளந்தால் செத்துக் கிடக்கிறது. அப்படியே விட்டால் கேட் அந்தரத்தில் நிற்கும். ஓடத் தொடங்கியதும் ஜோடியில் மேலது, கீழது இரண்டும் ஒன்றாகத் திறக்கும், டமார். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவசரத்தில் மறந்திருக்கிறான்.

மாற்ற ஐந்து நிமிஷம் போதும். ரெசிஸ்டர் மேசை லாச்சியில் இருக்கிறது.

புது ஜோடியை மட்டும் மாட்டினேன். ரெசிஸ்டரைத் தொடவில்லை. கவரைப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் நன்றாக இறுக்கினேன். வெடித்தால் உள்ளேயே வெடிக்கட்டும். ஆள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

10, புதன்

வானம் மப்பு. தினேஷ் சீக்கிரமே வந்துவிட்டான், எனக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு. சூடாக இருந்தது, சாப்பிட்டேன்.

என் கடை வழக்கம்: ரிப்பேர் ஆனதை முதலில் நேராக ஓட்டுவதில்லை. கரண்ட் வரும் வழியில் ஒரு பெரிய பல்பைப் போட்டு ஓட்டுவோம். கோளாறு மிச்சமிருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், ட்ரான்சிஸ்டர் தப்பும். அதை அவன் மறக்கவில்லை. கையில் எடுத்தும்விட்டான்.

"ஒரு தடவ பல்ப்ல போட்டுப் பாத்துருவோமா அத்தான்?"

"நான் பாத்தாச்சு. என்மேல நம்பிக்கை இல்லியா?"

"ஐயையோ, அப்பிடி இல்ல அத்தான்."

பல்பை எடுத்த இடத்திலேயே வைத்தான். ட்ரைவைத் தூக்கிக்கொண்டு கலஹா பஸ்ஸுக்கு ஓடினான். படியில் நின்று திரும்பி, "பெரிய ஒதவி அத்தான்" என்றான்.

லிஃப்ட் போர்டு முடிந்தது. இன்று கை நன்றாக ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வசந்தி அழுதுகொண்டிருக்கிறாள். வெடித்துவிட்டது. ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர், முருகையா, கொழுந்து பரப்பும் பொம்பளைகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மாடி முழுக்கப் புகை. "ஒனக்கெல்லாம் எவன்டா கட போட்டுக் குடுத்தது?" என்று டீமேக்கர் கத்தினாராம்.

"ஒங்ககிட்ட காட்டினதயே அவன் அங்க சொல்லலைங்க. 'அத்தானும் மனுசந்தானே, எதையோ கவனிக்காம விட்டுருப்பாரு, அவரு பேரு கெடக்கூடாதுக்கா'ன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டான்."

கவனிக்காமல் விட்டேனாம். நான்! அந்த ஒரு வார்த்தைதான் குடைகிறது.

11, வியாழன்

நல்ல குளிர். காலையிலேயே முருகையா போன். "நீங்க வந்தாத்தான் சரியாகும்னு தினேஷ் தம்பியே சொன்னாருங்க." பேராதனையிலிருந்து கலஹா வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. பையில் புது ஜோடி, ரெசிஸ்டர், பல்ப்.

இரண்டையும் மாற்றினேன். பல்ப் போட்டுப் பார்த்தேன், எரியவில்லை. நேராகக் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது. டீமேக்கர் கை கொடுத்தார். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

முருகையா பிளேன்டீ கொடுத்து ஓரமாகக் கூட்டிப்போனார். பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தகப்பன் இல்லாத பையன். அந்த இடம் என்னுடையது.

"வேலயில பெசகுறது சகஜந்தாங்க தம்பி. எனக்கு அது பெரிசில்ல. ஆளு எப்பிடி? ஒங்க வாயால நல்லபடியா ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, வர்ற ஞாயித்துக்கெழமையே வெத்தல மாத்திக்கலாம்."

"நல்ல பையன்தான்" என்றேன். டீயை ஒரு மடக்குக் குடித்தேன். "நீங்க கேட்டதால சொல்றேன். பல்ப் போட்டுப் பாக்காம எதையும் ஓட்டக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லித்தான் குடுத்தேன். போட்டிருந்தா வெடிச்சிருக்காது. சொல் பேச்சு கேக்க மாட்டான் அவன். நாளைக்குப் பொண்ணு கண்ணக் கசக்கிட்டு வந்து நின்னா, நான் சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் என் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"வெளங்குதுங்க தம்பி. நல்ல வேள சொன்னீங்க. அந்தப் பேச்ச இதோட விட்டுர்றேன்."

வீட்டு வாசலிலேயே வசந்தி நின்றாள். "கேட்டாருங்களா? என்ன சொன்னீங்க?"

"நல்ல பையன்னு சொன்னேன்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை, தம்பிக்குப் போன். "டேய், அத்தான் ஒனக்காகப் பேசிட்டு வந்துட்டாருடா!" என்று கத்திவிட்டு, போனை என் காதில் வைத்தாள்.

"அப்பா இருந்தாக்கூட இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டாரு அத்தான்" என்றான்.

"சரி, சரி. சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.