சுவருக்கு அந்தப் பக்கத்து என்ஜின்

ஐப்பசி 9, திங்கள்
காலையிலேயே தூறல். ஜின்னிங் ஃபேக்டரிக்கு நனைந்துகொண்டே. நாளை முதல் பருத்தி அரைப்பு நிறுத்தம். கூட்டிப் பெருக்க நானும் மாராக்காவும் மட்டும். பழைய எண்ணெய் என்ஜினை உடைத்து எடுத்துவிட்டுக் கரண்டு மோட்டார் வைக்கிறார்களாம்.

பதினோரு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் வேலை. அந்தப் பக்கம் அது இரையும் சத்தம்தான் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. சாமி குடியிருக்கும் இடமாம். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். பெண்கள் வாசற்படிக்கே ஆகாது. உடைப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

10, செவ்வாய்
வெயில். என்ஜின் டிரைவர் ரங்கண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

"பூசாரி வந்து சாமியக் கொடத்துக்கு எறக்கட்டும் அம்மிணி. அப்பறம் அது வெறும் இரும்பு. ஆரு வேணாப் பாக்கலாம்."

"வெறும் இரும்பப் பாக்கவாங்கண்ணா இத்தன வருசம் காத்திருந்தேன்?"

சிரித்தார். எனக்குக் கோபம்.

வாங்க வேண்டியது: சீமெண்ணெய், சின்னவளுக்கு ரிப்பன்.

12, வியாழன்
பூசாரி வந்தார். கற்பூரம், மணி, குடத்தில் மஞ்சள் தண்ணீர், மாவிலை. கால் மணி நேரத்தில் சாமி இறங்கியாயிற்று.

போனேன். என்னைவிட உயரமான சக்கரம். மேலெல்லாம் ஆயுத பூசைச் சந்தனம், வருஷத்துக்கு ஒரு பூச்சாக. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பச்சைப் பெயின்ட்! கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. இவ்வளவு சத்தமும் இதுவா போட்டது?

சாயங்காலத்துக்குள் சம்மட்டியால் துண்டு துண்டாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை.

13, வெள்ளி
மோட்டாருக்குப் பூசை. குடத்துச் சாமியைப் புது மோட்டாரில் ஊற்ற முதலாளி குடத்தைச் சாய்த்தார். மோட்டார் மாட்ட வந்தவர் அலறிவிட்டார்.

"ஐயோ, ஊத்தீராதீங்க! உள்ள சுத்தியிருக்கற காயில் கம்பி கருகிருமுங்க. ஒரு சொட்டுக்கூட ஆகாதுங்க!"

முதலாளி குடமும் கையுமாகப் பூசாரியைப் பார்த்தார்.

"கீழ வெக்கக் கூடாதுங்க. ஏதாச்சும் ஒரு மிசின்ல ஊத்தியே ஆவோணுங்க."

என் வாய் சும்மா இருக்குமா?

"எங்க பருத்தி மிசின் இருக்குதுங்களே. அது பெல்ட்டுல சுத்தறது, உள்ள கரண்டு இல்லீங்க."

"அதுஞ் செரித்தான்," என்றார் முதலாளி. நேராக வந்து என் மிஷின் தலையில் ஊற்றினார், குடம் காலியாகும் வரை. மாராக்கா குலவை போட்டாள்.

மத்தியானம் பெல்ட்டைச் சரிபார்க்க ரங்கண்ணன் எங்கள் பக்கம் வந்தார். வாசலில் கையை நீட்டி மறித்தேன்.

"செருப்புங்கண்ணா."

கழற்றினார்.